எடை போடு

அன்று காலை, குமாசிக்குப் பக்கத்து அசாந்தி ஊரான அபுராசோவில், அமங்குவா வீட்டு உள்முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: குடும்பத் தலைவர் அமங்குவா, அவருக்குத் தங்கை முறையாகும் அடோமா, அடோமாவின் மகனும் அங்கே எடுக்கிற படத்தை இயக்குபவனுமான டான்சோ, அமங்குவாவின் சித்தி மகன் ஒடூரோ, குமாசியிலிருந்து வந்திருந்த கதைக்காரர் அப்பியா, கேமராக்காரன் டிக்சன், சுவரொட்டிகளில் ராக்கெட் என்று போடப்படும் கதாநாயகன் (இவனுடைய சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது), நடிக்க வந்த ஹம்தியா என்கிற பெண். அடோமாவிடம் சோளம் அரைக்க வரும் பெண்கள் சிலர் கும்பலாக நிற்பதற்கு ஒப்புக்கொண்டு நல்ல துணி கட்டி வந்திருந்தார்கள். வேறு யாரும் இல்லை. நானும் அங்கே இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன் என்று பிற்பாடு சொன்னவர்களை எல்லாம் கூட்டிச் சேர்த்தால் அந்த முற்றம் கொள்ளாது.

முற்றத்தின் நடுவில் காலயந்திரம் நின்றது. அடோமாவின் பழைய மக்காச்சோள மில் அது. எஞ்சின் செத்துப்போய்ப் பின்கட்டில் கோழி அடைந்துகொண்டிருந்ததை டான்சோ வெளியே இழுத்துப்போட்டு, லாரியின் ஸ்டியரிங் ஒன்றையும் மோட்டார் சைக்கிள் விளக்கையும் பற்றவைத்து, சோளம் கொட்டுகிற வாயில் தட்டுபோன்ற ஆன்டெனாவைக் கவிழ்த்து வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தான். கதாநாயகன் அதன் பின்னால் குந்திக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால் காலத்தில் பின்னால் போய்விடுவான். ஈர வாழைச் சருகைக் கொளுத்திப் புகை போடுவது டிக்சனின் தம்பியுடைய வேலையாக இருந்தது. அவன் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டதால் அந்தப் பெண்களே கொளுத்தினார்கள்.

"அடோமாக்கா, நேத்து அரைச்ச மாவை இதுல கொட்டினா திரும்பவும் சோளமா வருமா?"

"உன் புருஷனைப் போட்டுப் பாரு. மாப்பிள்ளையா வருவான்."

"ஐயோ வேண்டாம்மா. அப்பவே அவன் மூஞ்சி அப்படித்தான் இருந்துச்சு."

அமங்குவா சிரிக்கவில்லை. அவர் முற்றத்தில் யார் முன்னாலும் சிரிக்கிற ஆள் அல்ல. முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கு ஓர் உத்தியோகம் மாதிரி. இந்த வீட்டின் தலைமைக்கு வந்த நாளிலிருந்து ஒருநாளும் அவர் சுவரில் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. நிலத்தகராறு, கல்யாணப் பேச்சு, சாவு என்று எது வந்தாலும் அந்த முதுகைப் பார்த்துத்தான் வீட்டார் தைரியம் கொள்வார்கள். அப்படிப்பட்டவர் அன்றைக்குக் காலையிலிருந்து உட்கார்வதும் எழுவதுமாக இருந்தார். செருப்பைக் கழற்றினார், போட்டார். தோளில் துணியை அவிழ்த்துச் சுற்றினார். முன்னோர்கள் உட்கார்ந்த மரப் பீடங்கள் இருக்கும் அறையின் கதவுவரை போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

முதலில் அவர் இந்தப் படத்துக்குச் சம்மதித்ததே ஓர் அதிசயம். குமாசிக்காரர்கள் எடுக்கிற படங்களை அவர் அறிவார். பெண் பூனையாவாள், பாம்பு பணம் கக்கும், கடைசியில் ஒரு பாதிரியார் வந்து கத்துவார். அந்தக் கண்றாவிக்கு முன்னோர் பீடங்கள் இருக்கிற வீட்டைக் கொடுப்பதா என்று டான்சோவைப் பலமுறை விரட்டிவிட்டார். டான்சோ விடவில்லை.

"மாமா, இது பேய்ப் படம் இல்ல. காலத்துல பின்னால போற படம்."

"பின்னால போய் என்ன பண்ணுவான்?"

"பார்ப்பான் மாமா."

"எதை?"

"அம்பெம் தாத்தா சண்டைல ஜெயிச்சு வந்து இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டதை."

அதற்குத்தான் அவர் சம்மதித்தார். அம்பெம் இந்தக் குடும்பத்தின் வேர். அவர் பெயரைச் சொன்னால் பக்கத்து ஊர்த் தலைவர்களே குரலைத் தாழ்த்துவார்கள். ஆனால் அம்பெம் வேஷத்துக்குக் குமாசியிலிருந்து அழைத்துவந்த நடிகன் நாற்காலியில் உட்கார்ந்ததும் கால்மேல் கால் போட்டான். கீழே இறக்கச் சொன்னபோது, தலைவனின் பாதம் மண்ணில் படக் கூடாது என்று தெரியாமல் வெறுங்காலைத் தரையில் வைத்தான். இடது கையால் கள்ளுக் கிண்ணத்தை வாங்கினான். அமங்குவா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அவன் தோளிலிருந்து துணியை உருவினார். "எங்க தாத்தாவை இப்படி உட்கார வைக்கிறதுக்கு நான் செத்துப்போகலை" என்று சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் தாமே உட்கார்ந்தார். டிக்சன் கேமரா வழியாகப் பார்த்துவிட்டு விசிலடித்தான். அன்று மாலை அவர் பீட அறைக்குள் போய் முன்னோர்களுக்குப் படையலாக ஜின் சாராயத்தைத் தரையில் ஊற்றி, இது சின்னப் பையன்களின் விளையாட்டு, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முன்னோர்களிடம் சொல்லிவைத்தார். சண்டைக் காட்சியும் வீடு கட்டுகிற காட்சியும் அவரை வைத்தே எடுத்தார்கள். மனதுக்குள் அவருக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தப் படக்காரர்களிடம் எழுதிவைத்த கதை என்று எதுவும் கிடையாது. காலையில் கஞ்சி குடிக்கும்போது அப்பியா அன்றைய காட்சியை வாயால் சொல்வார். கேட்டுக்கொண்டு போய் நடிப்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான், ரொட்டியைக் கஞ்சியில் தோய்த்தபடி அவர் ஆரம்பித்தார்.

"இப்ப பாருங்க. ராக்கெட் மில்லுலேர்ந்து இறங்கறான். ஒரே புகை. எந்த நாளுக்கு வந்து சேர்ந்திருக்கான்? அவன் பாட்டிக்குப் பாட்டிக்குப் பாட்டி இந்த வீட்டுக்குள்ள வந்த நாளு. எப்படி வர்றா? கழுத்துல கயித்தோட. வடக்கேர்ந்து நடத்திக் கூட்டிட்டு வந்திருக்கான் வியாபாரி. கன்னத்துல கீறல். அம்பெம் ஐயா பார்க்கறார். பல்லைப் பார்க்கறார். தங்கத்தூள் தராசு பக்கத்துல இருக்கு, தூள்தானே அந்தக் காலத்துக் காசு. 'எடை போடு'ங்கறார். அவ்வளவுதான், ரெண்டே வார்த்தை. தூண் மறைவுல ராக்கெட் நின்னு அழறான். என் வம்சம் இப்படியா வந்துச்சுன்னு. பாகம் ஒண்ணு முடிஞ்சுது."

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். டான்சோவின் கண் கலங்கியிருந்தது. அமங்குவா எழுந்து நின்றார்.

"யார் சொன்னா உனக்கு இதை?"

"யார் சொல்லணும் பெரியவரே? படுத்துக்கிட்டு நானே யோசிச்சேன். ஜனங்க அழணும்ல?"

அப்பியா பொய் சொல்லவில்லை என்று அமங்குவாவுக்குத் தெரிந்தது. அதுதான் அவரை நிலைகுலைத்தது. யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த வாயைத் தேடிப் போகலாம். இந்த ஆள் கஞ்சிக்கும் ரொட்டிக்கும் நடுவில், கற்பனை செய்வதாக நினைத்துக்கொண்டு, உண்மையை அப்படியே எடுத்து வெளியே வைத்துவிட்டான்.

அமங்குவாவுக்குத் தலைமை வந்தபோது, சாகக் கிடந்த அவருடைய தாய்மாமன் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் காதில் சொன்ன விஷயம் அது. அம்பெம் வடக்கத்தி வியாபாரியிடம் ஒரு பெண்ணை விலைக்கு வாங்கினார். வந்த கிழமை செவ்வாய் என்பதால் அபினா என்று பெயரிட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் பிறந்த கிழமைதான் பெயர். அவளுக்கு மட்டும் வந்த கிழமை. பிறகு, வம்சமும் தலைமையும் தாய்வழியில் இறங்கும் வீடு என்பதால், அவளைத் தம் தமக்கையின் பிள்ளைகளோடு பிள்ளையாக வீட்டில் சேர்த்தார். என்ன சொல்லிச் சேர்த்தார் என்பது மாமாவுக்கும் தெரியாது. அந்த அபினாவின் வயிற்றுவழி வந்தவள் அடோமா. அவளுடைய மகன் டான்சோ. "இதை ஏன் உன்கிட்ட சொல்றேன் தெரியுமா?" என்று மாமா கேட்டார். "என்னைக்காவது எவனாவது இதைச் சொல்ல வாயெடுத்தா, எந்த வாயை மூடணும்னு உனக்குத் தெரியணும்." அடுத்தவன் பிறப்பை எவனும் எடுத்துச் சொல்லக் கூடாது என்பது அசாந்தி மண்ணின் சட்டம். சொன்னவன் ஆட்டோடு வந்து முன்னோர் பீடங்களுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். சட்டம் அப்படி. ஆனால் சொல் ஒருதரம் வெளியே வந்துவிட்டால் ஆட்டு இரத்தம் அதைக் கழுவுவதில்லை. விலைக்கு வந்த வயிற்றில் பிறந்தவன் வீட்டுத் தலைமைக்கு வர முடியாது என்கிற பேச்சு மறுநாளே கிளம்பும். அமங்குவாவுக்குப் பிறகு அந்த இடத்துக்கு எல்லோரும் நினைத்திருப்பது டான்சோவை. எல்லோரும் என்றால் ஒடூரோவைத் தவிர.

"வேண்டாம்" என்றார் அமங்குவா. "அம்பெம் ஆள் வாங்கினவர்னு காட்டக் கூடாது. வேற எடு."

ஒடூரோ கோலாக் கொட்டையை மென்றுகொண்டு தூணடியில் இருந்தான். வியாபாரி வேஷம் அவனுக்குத்தான். தோல் தொப்பி, இடுப்பில் தாயத்துகள் என்று முழுவதும் போட்டுக்கொண்டு தயாராக இருந்தான். அவனுடைய அம்மா கடைசிக் காலத்தில் புத்தி பேதலித்து ஏதேதோ முணுமுணுத்தவள். அதில் எதையோ அவன் பொறுக்கி வைத்திருக்கிறான் என்று அமங்குவாவுக்கு வெகுநாளாகச் சந்தேகம். விஷயம் தெரியாது. வாசனை மட்டும் பிடித்திருந்தான்.

"ஏன் அண்ணே? அந்தக் காலத்துல வாங்காதவன் யாரு? பெரிய வீடுன்னா வாங்கியிருக்கும். வாங்காத வீடு பிச்சைக்கார வீடு. இதுல கௌரவத்துக்கு என்ன குறைச்சல்?" கோலாச் சாற்றைத் துப்பினான். "வேற ஏதாவது காரணம் இருக்குதா? இருந்தா சொல்லுங்க. நாங்களும் இந்த வீட்டுப் பிள்ளைங்கதானே?"

பெண்கள் அமங்குவாவைத் திரும்பிப் பார்த்தார்கள். டிக்சன்கூட லென்ஸைத் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். காரணம் சொன்னால் சட்டத்தை மீறியவர் அமங்குவாவே ஆவார். காரணம் சொல்லாமல் தடுத்தால், என்னவோ இருக்கிறது என்று இன்று மாலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். சும்மா விட்டால் இதே வீடு, இதே தூண், அம்பெம்மின் பெயர், அவருடைய துணி எல்லாமாக அது திரையில் ஓடும். எந்தக் கிளை, எந்தக் கிளை என்று ஜனங்கள் விரல் மடக்குவார்கள். படம் எடுத்தவன் யார் என்று பார்த்தாலே போதும்.

"ஒண்ணும் இல்லை" என்றார். "எடு."

எடு என்று சொல்லிவிட்டாரே தவிர, எடுக்க விடவும் அவரால் முடியவில்லை. துணியில் ஈரவாடை அடிக்கிறது, வெயிலில் போடு என்றார். போட்டார்கள். செருப்பின் வார் சரியில்லை என்றார். தைத்தார்கள். இன்றைக்கு நல்ல நாளா என்று பார்க்க வேண்டும் என்றார். "நீங்கதானே மாமா குறிச்சுக் குடுத்தீங்க" என்றான் டான்சோ. வடக்கிலிருந்து வரும் வறட்டுக் காற்று அந்த மாதம் முழுவதும் வீசிக்கொண்டிருந்தது. முற்றத்தில் எதன்மேல் கைவைத்தாலும் தூசி. வெயில் மங்கல், இதில் என்ன படம் தெரியும் என்றார். இந்த மங்கல்தான் பழைய காலம் மாதிரி இருக்கிறது பெரியவரே என்று டிக்சன் குதூகலித்தான். ராக்கெட் சுற்றிச் சுற்றி வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினான். மதியத்துக்கு மேல் அவன் ஒபுவாசியில் இன்னொரு படத்தில் சாக வேண்டியிருந்தது.

அமங்குவா மில்லுக்குப் பின்னால் டான்சோவைத் தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்ளே, நான் சொல்றேன், இந்தக் காட்சி வேண்டாம்."

"இந்தக் காட்சி இல்லேன்னா படமே இல்ல மாமா. அவன் எதுக்குப் பின்னால போறான்? பாட்டியைத் தேடித்தானே போறான்."

"என்கிட்ட சண்டையைப் பார்க்கப் போறான்னு சொன்னே."

"சண்டையும் இருக்கே. ஆனா சண்டையைப் பார்த்து யாராவது அழுவாங்களா? எனக்கு என்னவோ மாமா, அப்பியா அந்தப் பொண்ணைச் சொன்ன உடனே நெஞ்சுல பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. ஏன்னே தெரியல. போன காலத்தைக் காட்டறோம்னா எல்லாத்தையும் காட்டணும்ல?"

"எல்லாத்தையும் பார்க்கலாம். எல்லாத்தையும் சொல்லக் கூடாது."

"அப்புறம் கேமரா எதுக்கு மாமா?"

அமங்குவா அவன் முகத்தைப் பார்த்தார். அகன்ற நெற்றி, அடோமாவினுடையது. அடோமாவின் அம்மாவினுடையதும் அதுதான். அதற்கு மேலே போனால் எவளோ ஒருத்தி, எங்கேயோ புல்வெளிப் பக்கம், அதே நெற்றியோடு நடந்துவந்திருக்கிறாள். நெஞ்சில் பிடித்த மாதிரி ஆயிற்று என்கிறான் பையன். மேலே ஏதாவது பேசினால் தம் குரலே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து அவர் திரும்பி நடந்தார்.

ஹம்தியா சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியைப் பார்த்தபடி கன்னத்தில் கண்மையால் கீறல் வரைந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள்.

"தாத்தா, உங்களுக்காவது தெரியுமா? இந்தப் பொண்ணுக்கு என்ன பேரு? அப்பியா அண்ணன்கிட்ட கேட்டா, பேரெல்லாம் எதுக்கு, 'பொண்ணு' போதும்ங்கறார். பேர் இல்லாம எப்படி அழறது?"

அவர் பேச்சை மாற்றினார். "நீ எந்த ஊர்?" என்றார்.

"குமாசிதான். வடக்கத்திக்காரங்க தெரு. எங்க தாத்தா வடக்கே போல்கா பக்கத்துலேர்ந்து மாடு ஓட்டிக்கிட்டு நடந்தே வந்தாராம். ஒரு மாடு வழியில செத்துப்போச்சாம், அதுக்கு இன்னும் எங்க வீட்ல துக்கம் கொண்டாடுவாங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

எங்கிருந்து வந்தோம் என்பதை அவ்வளவு சுலபமாக, பல் தெரிய, ஓர் அந்நியனிடம் சொல்ல முடியும் என்பது அமங்குவாவுக்கு விநோதமாக இருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரு கிழமையின் பெயரைப் பூட்டிவைத்துக் காக்கிறது இந்த வீடு. பூட்டின பெட்டிக்குள்ளே அவளுடைய சொந்தப் பெயர் இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. மாமாவுக்கு அது தெரியவில்லை. மாமாவின் மாமாவுக்கும் தெரிந்திருக்காது. யாரும் கேட்டிருக்கவில்லை.

அடோமா ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் இலையில் சுட்ட வாழைக்காயும் கொண்டுவந்தாள். கும்பலில் முன்வரிசை அவளுக்கு. நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட துணி கட்டி, வெள்ளைப் பொடி டப்பாவை மடியில் செருகியிருந்தாள். வேர்வைக்குக் கழுத்தில் பூசிக்கொள்ள அவள் எப்போதும் வைத்திருப்பது.

"என்ன அண்ணே, காலைலேர்ந்து உட்காரவே மாட்டேங்கறீங்க? எறும்பு கடிச்ச மாதிரி."

"ஒண்ணும் இல்ல."

"இந்த வீட்டுல ஒண்ணும் இல்லைன்னா அதுக்குப் பெரிய அர்த்தம்னு எங்கம்மா சொல்வா." கிண்ணத்தை நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்து முடிக்கும்வரை நின்றாள். "அந்தப் பொண்ணு கடைசில என்ன ஆவா, அண்ணே?"

"எந்தப் பொண்ணு?"

"கதைல வர்றவ."

"கதைலயா?"

"கதைலதான்" என்றாள் அடோமா. அவர் கண்ணைப் பார்க்காமல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால் எவ்வளவு காலமாக? சின்னப் பெண்ணாக இருந்தபோது குழாயடிச் சண்டையில் ஒருத்தி, "உன் வயிறு எங்கேர்ந்து" என்று ஆரம்பித்ததும் இன்னொரு கிழவி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தியதை அமங்குவா பார்த்திருக்கிறார். அடோமாவும் பார்த்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நடந்து வந்தாள். அன்றைக்குக் கேட்காத கேள்வியை இன்றைக்கு இப்படிச் சுற்றிக் கேட்கிறாளோ என்று நினைத்து அவர் வாழைக்காயைத் தின்னாமல் இலையோடு கீழே வைத்தார்.

"பெரியவரே, போதும், ஒளி போகுது" என்று டிக்சன் கத்தினான். இனிச் சொல்வதற்குச் சாக்கு இல்லை. அமங்குவா போய் அம்பெம்மின் நாற்காலியில் உட்கார்ந்தார். தராசை வலப்பக்கம் வைத்தார்கள். தட்டில் தங்கத்தூளுக்குப் பதிலாக மஞ்சள் கலந்த சோளமாவு. பெண்கள் சருகைக் கொளுத்தினார்கள். "ஆக்‌ஷன்" என்றான் டான்சோ.

புகைக்குள்ளிருந்து ராக்கெட் இருமிக்கொண்டே வந்து தூணுக்குப் பின்னால் ஒளிந்தான். வாசல் வழியாக ஒடூரோ கயிற்றை இழுத்துக்கொண்டு நுழைந்தான். கயிற்றின் மறுமுனையில் ஹம்தியா. இதற்குமுன் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணா என்று சந்தேகப்படும்படி இருந்தது அவள் நடை. பாதம் புண்ணான மாதிரி ஓரத்தை ஊன்றி நடந்தாள். அவளை நாற்காலியின் முன்னால் நிறுத்திவிட்டு, ஒடூரோ தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான்.

"வடக்குலேர்ந்து வந்த சரக்கு, ஐயா. ஆரோக்கியமா இருக்கா."

அங்கே அவன் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கும்பல் பக்கம் பாதி திரும்பி, குரலை உயர்த்தினான்.

"யாருமில்லாதவ. இவ வயித்துல பொறக்கறது எல்லாம் இந்த வீட்டுப் பேரைச் சொல்லிக்கும். பேரன் பேத்தி வரைக்கும் சொல்லிக்கும். ஆனா எங்கேர்ந்து வந்துச்சுன்னு நமக்குத் தெரியும், இல்லையா ஐயா?"

அப்பியா கையைத் தட்டாத குறையாக டான்சோவின் தோளைப் பிடித்து ஆட்டினார். அவருக்கு அது நல்ல நடிப்பு. அமங்குவா மட்டும் ஒடூரோவின் கண்ணைப் பார்த்தார். அது வியாபாரியின் கண் அல்ல. பதிலுக்காகக் காத்திருந்தது.

அவர் எழுந்தார். அம்பெம் எழக்கூடாது, உட்கார்ந்தபடியேதான் எடைபோடச் சொல்ல வேண்டும் என்பது காட்சி. எழுந்து, தராசைத் தாண்டி, செருப்புக் காலோடு மெதுவாக நடந்துபோய்ப் பெண்ணின் முன்னால் நின்றார். காலையிலிருந்து அவர் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அப்போது நின்றது. ஹம்தியாவின் கழுத்தில் கயிறு உரசிய இடம் லேசாகச் சிவந்திருந்தது. உன் பேர் என்ன அம்மா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அவள் ஏதாவது வடக்கத்திப் பெயரைச் சொல்வாள், அது கேமராவில் பதிந்துவிடும் என்று தெரிந்ததால் விழுங்கிக்கொண்டார். முடிச்சை அவிழ்த்தார். வயதான விரல்களுக்கு அது கொஞ்ச நேரம் பிடித்தது. கயிற்றை ஒடூரோவின் கையில் கொடுத்தார்.

"வியாபாரி, நீ வழி தப்பி வந்திருக்கே. விக்கறதுக்கு உன்கிட்ட ஒண்ணும் இல்லை. இவ என் அக்கா மக. காணாமப் போனவ, வந்துட்டா."

ஒடூரோ கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். வேஷத்தில் இருப்பவன் வேஷத்துக்குள் இருந்துதான் பேச வேண்டும். அவனுக்குச் சொல்ல வசனம் இல்லை. "ஐயா, இவ வடக்கு..." என்று தொடங்கினான்.

"இவ எங்கேர்ந்து வந்தான்னு கேக்கறவன்" என்றார் அமங்குவா, குரலை உயர்த்தாமல், முற்றத்தின் நாலு மூலைக்கும் கேட்கும்படி, "இன்னைக்குக் கேட்டாலும் சரி, என் பேரன் காலத்துல கேட்டாலும் சரி, கையில ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு என் பீடத்துக்கு முன்னால வந்து நின்னு கேக்கட்டும். நான் அங்கேதான் இருப்பேன்."

பிறகு ஹம்தியாவின் கையைப் பிடித்து அழைத்துப்போய், அம்பெம்மின் நாற்காலிக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்தார். அவள் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தாள்.

டான்சோ 'கட்' சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்கிற நினைவே அவனுக்கு வரவில்லை. அதனால் அதற்குப் பின் நடந்ததும் கேமராவில் இருக்கிறது. கும்பலின் முன்வரிசையிலிருந்து அடோமா விலகி வந்தாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. மடியிலிருந்து டப்பாவை எடுத்தாள். வழக்கில் ஜெயித்து வெளியே வருகிறவர்களுக்கும், புதிதாய்ப் பதவிக்கு வருகிறவர்களுக்கும் செய்கிற மாதிரி, ஹம்தியாவின் கழுத்திலும் இரண்டு தோளிலும் வெள்ளைப் பொடியைத் தூவினாள். பாதி ஹம்தியாவின் மடியில் கொட்டியது. மற்ற பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பின் ஒருத்தி குலவைக் குரல் எடுத்தாள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்தில் பின்கட்டுக் கோழிகள் கலைந்து மில்லின்மேல் ஏறின.

"இப்ப நான் எதுக்கு அழறேன்?" என்று தூணுக்குப் பின்னாலிருந்து ராக்கெட் கேட்டான்.

அப்பியா தலையில் அடித்துக்கொண்டார். பாகம் இரண்டு முழுவதும் போயிற்று, விற்காத பெண்ணை எப்படி மீட்பது என்றார். திரும்ப எடுக்கலாம் என்றார். டிக்சன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொன்னான். தீர்ந்ததோ இல்லையோ, அவன் அப்படித்தான் சொன்னான். ராக்கெட் சாவதற்குப் புறப்பட்டுப் போனான். ஒடூரோ தோல் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினான்.

"நல்லா நடிச்சீங்க அண்ணே."

"நீயும்தான்" என்றார் அமங்குவா. "ஆடு வளக்கறியா இப்ப?"

"இல்லையே."

"அப்ப சரி."

டான்சோ கேமராவின் சின்னத் திரையில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துவிட்டு, முற்றத்தின் மூலையில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த தன் அம்மாவைப் பார்த்தான். மறுபடியும் திரையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து மாமாவிடம் வந்தான்.

"மாமா, அந்த வார்த்தையெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு உங்களுக்கு?"

"எந்த வார்த்தை?"

"அக்கா மக. ஆடு."

"பசிக்குது. ஃபூஃபூ ஆச்சான்னு உங்கம்மாகிட்ட கேளு."

அவன் போகவில்லை. இன்னும் ஒரு கேள்வி அவன் முகத்தில் நின்றது. அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, அது வாய்க்கு வருகிறதா என்று பார்த்தபடி காத்திருந்தார். வரவில்லை. அவன் திரும்பி அடுக்களைப் பக்கம் நடந்தான்.

மாலையில் குமாசி வேன் வந்து ஒலியெழுப்பியது. ஹம்தியா முகத்தைக் கழுவி, கன்னத்துக் கீறலை அழித்திருந்தாள். தோள் பொடியை மட்டும் துடைக்கவில்லை. போய்வருகிறேன் தாத்தா என்றாள். அப்போதும் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது. இந்தப் பெண்ணிடம் கேட்டு என்ன பயன், இவள் பேர்தான் தெரியுமே என்று தம்மையே கடிந்துகொண்டார். வேன் கிளம்பி வடக்குச் சாலையில் திரும்பியது. செம்மண் எழுந்து அதை மூடியது. ஜன்னல் பக்கம் வெள்ளையாக ஒரு தோள் தெரிந்துகொண்டிருந்தது. தூசிக்குள் அது மறையும்வரை அமங்குவா வாசலில் நின்றார். அன்றைக்கும் அவர் கதவு நிலையில் சாயவில்லை.

படம் வெளியாகி இரண்டு பாகமும் ஊரில் எல்லோர் வீட்டிலும் ஓடியாயிற்று. அமங்குவாவுக்கு வயதாகிவிட்டது, கேமராவைக் கண்டதும் வசனம் மறந்துபோய் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார் என்று ஒடூரோ கள்ளுக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறான். பலர் அதை நம்புகிறார்கள். அது பொய். அவர் எதையும் மறக்கவில்லை. அவருக்குக் கொடுத்திருந்த வசனம் இரண்டே சொல்.